வேலையில்லாதவருக்கு விடுமுறை உண்டா?

சென்ற ஐப்பசி மாத இறுதியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். மழை விடாது பெய்துகொண்டிருந்த காலம். தறிக்குழிகளில் நீர் ஊறி நின்றது. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த வழியில்லை. ஏறக்குறைய மூன்று வாரங்களாக அவ்வூரில் ஒரு தறியும் ஓடவில்லை. அச்சங்கத்து அங்கத்தினர்கள் முன்யோசனை உடையவர்கள். கூலி வாங்கும்போதெல்லாம் ஒரு சிறு தொகையைப் பிடித்துவைத்து, மழைக்கால உதவி நிதி என ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். தறி நின்ற நாட்களுக்கு அதிலிருந்து குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பது வழக்கம்.

அன்று நிர்வாகக் குழுவினரிடையே ஒரு வழக்கு எழுந்திருந்தது. தறி நின்ற நாட்களில் ஓர் அங்கத்தினர் மனைவி மக்களுடன் பழனிக்குச் சென்று, திரும்பும் வழியில் மதுரையில் மைத்துனர் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்திருக்கிறார். "உதவி வாங்குகிறவருக்கு உல்லாசப் பயணம் ஒரு கேடா?" என்றனர் ஒரு சாரார். "கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால்தான் கொடுப்பீர்களா?" என்றார் அவர். இருதரப்பாரும் என் பக்கம் திரும்பினார்கள். இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் தெரியும் என்பது நம் சங்கங்களில் நிலவும் ஒரு நல்ல நம்பிக்கை. நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல இயலவில்லை என்பதே உண்மை. அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன்.

இக்கேள்வி நமக்கு வேண்டுமானால் புதிதாக இருக்கலாம். பிரிட்டனில் இது நூறாண்டுப் பழமை உடையது. அங்கே 1911ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய இன்ஷூரன்ஸ் சட்டம், கட்டட வேலை, கப்பல் கட்டுதல், எஞ்சினீரிங் முதலிய சில தொழில்களில் இருந்தவர்களுக்கு, வேலை போன காலத்தில் வாரம் 7 ஷில்லிங் வீதம், ஆண்டுக்கு 15 வாரங்கள் வரை கொடுக்க ஏற்பாடு செய்தது. தொழிலாளி, முதலாளி, சர்க்கார் ஆகிய மூவரும் அதற்குப் பணம் செலுத்தினர். 1920ஆம் ஆண்டில் இத்திட்டம் பெரும்பாலான உடலுழைப்புத் தொழில்களுக்கும் விரிந்தது. விவசாயத் தொழிலாளர் மட்டும் 1936 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உழவனை எல்லா நாட்டுச் சட்டங்களும் கடைசியில்தான் நினைத்துக்கொள்கின்றன போலும்.

பணம் கொடுக்கத் தொடங்கியதும் சந்தேகமும் தொடங்கிற்று. உதவி கேட்பவர் "உண்மையாகவே வேலை தேடுகிறவர்" என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்று 1921ஆம் ஆண்டில் ஒரு விதி கொண்டுவந்தனர். மில்கள் மூடிக் கிடந்த ஊர்களில், வேலை இல்லை என்பதை நன்கு அறிந்தும், மனிதர்கள் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு நடந்தார்கள். நடந்ததை அதிகாரிகளின் முன் விவரித்தார்கள். விவரிக்கத் தெரியாதவர் உதவியை இழந்தார். இலட்சக்கணக்கான விண்ணப்பங்கள் இவ்வாறு தள்ளப்பட்ட பின்னர், 1930ஆம் ஆண்டில் அவ்விதி கைவிடப்பட்டது. வேலை தேடுவதைக் காட்டிலும் வேலை தேடுவதாகக் காட்டுவது முக்கியமாகிவிட்ட அந்த ஒன்பது ஆண்டுகளை, நம் சங்கங்களில் விதி எழுதுகிறவர்கள் அறிந்துவைத்திருப்பது நலம்.

பின்னர் 1996ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் "வேலை தேடுவோர் உதவித்தொகை" என்ற பெயரில் புதிய திட்டம் வந்தது. உதவி பெறுபவர் வேலைக்குச் செல்லத் தயாராக இருக்க வேண்டும். முனைந்து தேடவும் வேண்டும். வழக்கமாக இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து கையொப்பமிட வேண்டும். ஆயினும் அவர் மனிதர் என்பதை அவ்விதிகள் மறந்துவிடவில்லை. முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு மாதங்களில் இரண்டு வாரங்கள் வரை நாட்டுக்குள்ளேயே வெளியூரில் தங்கலாம். ஆனால் வேலை என்று அழைப்பு வந்தால் உடனே திரும்ப வேண்டும். வெளிநாட்டில் விடுமுறை என்றால் பொதுவாக உதவி இல்லை. 2013 முதல் படிப்படியாக வந்த "யுனிவர்சல் கிரெடிட்" முறையில், ஒரு மாதம் வரை வெளிநாடு சென்று வருவதால் மட்டும் உதவி நின்றுவிடாது. வேலை தேடும் கடமை மட்டும் அங்கேயும் கூடவே வரும்.

தொகை எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுவோம். 2025-26ஆம் ஆண்டில், 25 வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவருக்கு வேலை தேடுவோர் உதவித்தொகை வாரம் 92 பவுன் 5 பென்ஸ். அந்நாட்டு விலைவாசியில் இதை மிச்சம்பிடித்து ஒருவர் கடற்கரை ஹோட்டலில் தங்கப்போகிறார் என்பது பேச்சுக்குத்தான் அழகு. தாய் தந்தையர் அழைத்துச் செல்வார்கள். உடன்பிறந்தவர் வீட்டில் இடம் கிடைக்கும். வேலையில் இருந்த காலத்தில் பணம் கட்டிவைத்த பயணமாகவும் இருக்கலாம். செலவு பெரும்பாலும் வேறு எங்கிருந்தோ வரும். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிவது பெட்டி மட்டுமே.

எதிர்த்தரப்பாரின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அதை மிகச் சுருக்கமாகச் சொன்னவர் என் பெரியப்பா. நான் பட்டம் பெற்று, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவன். ஐந்தாண்டு காத்திருந்தால் நம் மாநில அரசு உதவித்தொகை கொடுக்கிறது. 2018ஆம் ஆண்டில் நான் அதைப் பெற்றுக்கொண்டிருந்தேன். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அவ்வாண்டு கோடையில் தாமிரபரணிக் கரையில் உள்ள என் தமக்கையின் ஊருக்குப் புறப்பட்டபோது பெரியப்பா திண்ணையிலிருந்து கேட்டார்: "வேலையில்லாதவனுக்கு விடுமுறை எதிலிருந்து, தம்பி?"

கேலியாகக் கேட்டாலும் அது நல்ல கேள்வி. விடுமுறை என்பது ஒன்றிலிருந்து விடுபடுவது. விடுபட வேலை வேண்டும் அல்லவா? இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வரி கட்டுகிறவரோ, நிதிக்குச் சந்தா செலுத்துகிறவரோ ஆண்டு முழுதும் ஓய்வின்றி உழைக்கிறார். அவரால் ஒரு வாரம் வெளியூர் போக முடியவில்லை. அவர் பணத்தில் பங்கு பெறுகிறவர் போகிறார் என்றால் மனம் பொறுக்குமா? நம் நெசவாளருக்கு இது மேலும் உறைக்கும். அவர் வாங்குவது நெய்த சேலைக்குக் கூலி; நெய்யாத நாளுக்குக் கூலியில்லை. சம்பளத்தோடு கூடிய விடுமுறையை அவர் வாழ்நாளில் கண்டவரல்லர். "எனக்கே இல்லாதது அவனுக்கா?" என்று அவர் கேட்டால் அதைப் பொறாமை என்று இகழ மாட்டேன். ஆனால் அந்தக் குறைக்கு மருந்து, உழைக்கிறவருக்கும் ஓய்வு கிடைக்கச் செய்வதுதான். இல்லாதவரின் பெட்டியைப் பிடுங்கிவைப்பதனால் தறியில் இருப்பவருக்கு ஒரு நாள் ஓய்வும் கூடிவிடாது.

இவ்விடத்தில் லங்காஷயர் நெசவாளரை நினைவுகூர்வது பொருந்தும். ராச்டேல் முன்னோடிகள் 1844ஆம் ஆண்டில் கடை திறந்த அதே வட்டாரம் அது. அங்கே ஒவ்வோர் ஊரிலும் ஆண்டுக்கு ஒரு வாரம் மில்கள் மொத்தமாக மூடப்படும். அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. ஆகவே தொழிலாளர்கள் வாரந்தோறும் சில பென்ஸ்களைத் தம்முள் அமைத்த சேமிப்புக் குழுக்களில் போட்டுவைத்து, மில் மூடும் வாரத்தில் எடுத்துக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்கு ரயிலேறினார்கள். கூலியோடு கூடிய விடுமுறைக்குச் சட்டம் வந்ததே 1938ஆம் ஆண்டில்தான்.

அச்சேமிப்பு முழுவதும் ஒரே வாரத்தில் கேளிக்கைகளில் கரைவதைக் கண்டு வருந்தியவர் கோல்ன் என்ற மில் ஊரில் பாதிரியாராக இருந்த தாமஸ் ஆர்தர் லியோனார்டு. 1891ஆம் ஆண்டில் அவர் தம் சபையைச் சேர்ந்த சுமார் முப்பது இளைஞர்களை ஆம்பிள்சைடு என்னும் மலைப்பக்கத்து ஊருக்கு அழைத்துச் சென்றார். குறைந்த செலவு, கூட்டாகச் சமையல், நெடுநடை. 1893ஆம் ஆண்டில் அம்முயற்சி கூட்டுறவு விடுமுறைச் சங்கம் என்ற அமைப்பாக வளர்ந்தது. அங்கத்தினர் எப்படி ஓய்வெடுக்கிறார் என்பதும் நம் இயக்கத்தின் கவலையாக இருந்த காலம் ஒன்று உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். கடன் வசூலும் கையிருப்புச் சரக்கும் தவிர வேறு கவலை இல்லாதவர்களாக நாம் ஆகிவிட்டோம், நான் உட்பட.

இனி, வேலையில்லாதவர் ஓய்வில்தானே இருக்கிறார், அவருக்கு வேறு ஓய்வு எதற்கு என்ற பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் சொன்ன ஊர் ஒன்று உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னா நகருக்கு அண்மையில் உள்ள மரியன்தால். ஊர் முழுவதும் ஒரே துணி ஆலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது ஆலை மூடப்பட்டது. 478 குடும்பங்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட குடும்பங்களில் வேலைக்குச் செல்பவர் ஒருவரும் இல்லை. மாரி யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் சைசல் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் அங்கே சென்று நேரில் ஆராய்ந்து, 1933ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள்.

வேலை போனதும் மக்கள் மிகுதியாகப் படிப்பார்கள், கூடிப் பேசுவார்கள், சங்க வேலைகளில் ஈடுபடுவார்கள் என்றுதான் யாரும் எண்ணுவர். நடந்தது வேறு. நூலகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்ட பின்னும் வாங்கிச் சென்ற புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டாண்டில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம் குறைந்தது. கொஞ்ச தூரம் செல்வதற்குள் இரண்டு மூன்று முறை நின்றார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டுவிட்டனர். சமையலும் துணி துவைத்தலும் இருந்ததால் பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். நேரம் ஏராளமாக இருந்தது. அதை எடுத்து எதையும் செய்யும் மனம்தான் இல்லை. இதை ஓய்வு என்று எவரும் சொல்லமாட்டார். என் பதிவு எண்ணை மட்டும் நம்பிக்கொண்டு வீட்டில் இருந்த ஆண்டுகளில், பிற்பகல் மூன்று மணி எப்படி இருக்கும் என்பதை நான் அறிவேன். அந்த மூன்று மணியிலிருந்து விடுபடவும் ஒருவருக்கு விடுமுறை வேண்டும் என்பதே பெரியப்பாவுக்கு நான் சொல்லக்கூடிய பதில். அன்று இது தோன்றவில்லை. "அக்கா கூப்பிட்டாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மரியன்தாலில் இன்னொரு செய்தியும் உண்டு. மரம் வெட்ட உதவிவிட்டுக் கூலிக்குப் பதிலாக விறகு பெற்ற ஒருவருக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. பால் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்குத் தன் குழந்தைகளுக்குக் கொஞ்சம் பால் பெற்ற ஒரு பெண்ணுக்கும் அவ்வாறே. கண்காணிப்பு மிகும்போது அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இவை சாட்சி.

இவ்வளவு சொன்னதனால் விதியே வேண்டாம் என்று நான் கருதுவதாக எண்ணவேண்டாம். தமக்கை வீட்டுக்குப் போன கதையின் மறுபாதியைச் சொன்னால்தான் அது விளங்கும். பன்னிரண்டு நாட்கள் அங்கே இருந்தேன். ஆற்றில் குளித்தேன், மருமகனுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தேன், அத்தானுடன் வாழைத் தோட்டத்தில் முட்டுக்கொடுக்கும் வேலையும் செய்தேன். செல்பேசிக்குப் பணம் கட்டாததால் இணைப்பு அறுந்திருந்தது. அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை. ஊர் திரும்பியபோது வீட்டில் ஒரு கடிதம் காத்திருந்தது. ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு. நாள் கடந்து நான்கு நாட்களாகியிருந்தன. நேரில் சென்று முறையிட்டேன், பயனில்லை. என் தந்தை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதன்பின் வேறு வேலை கிடைக்க ஓராண்டுக்கு மேலாயிற்று.

நான் செய்த தவறு எது? ஊருக்குப் போனதா? வெகுநாட்கள் அப்படித்தான் நினைத்து என்னையே நொந்துகொண்டேன். இப்போது அவ்வாறு நினைக்கவில்லை. நான் இருக்கும் இடத்தை எவரிடமும் சொல்லாமல், அழைத்தால் கேட்காத தூரத்தில் இருந்ததே தவறு. பன்னிரண்டு நாட்களும் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே படுத்திருந்து, வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் அதே தவறுதான்.

இதிலிருந்து எனக்கு ஒரு வேறுபாடு தெளிவாயிற்று. உதவி பெறுகிறவர் விஷயத்தில் நாம் இரண்டு கேள்விகளைக் கலந்துவிடுகிறோம். இவர் இன்பமாக இருக்கலாமா என்பது ஒன்று. வேலை வந்தால் இவர் கிடைப்பாரா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைக் கேட்க நிதியைக் காப்பவருக்கு முழு உரிமை உண்டு. கேட்காவிட்டால் அது கடமை தவறுதலாகும். முதற் கேள்வி அவரைச் சேர்ந்ததன்று. ஜெர்மனியில் வேலையில்லாதவர் முன்னதாக அனுமதி பெற்று ஆண்டுக்கு மூன்று வாரங்கள் வெளியூரில் இருக்கலாம். ஆனால் வேலை இழந்த முதல் மூன்று மாதங்களில் தக்க காரணமின்றி அனுமதி கொடுப்பதில்லை, ஏனெனில் வேலை கிடைக்க ஏற்ற காலம் அதுவே. பிரான்சில் முன்னறிவிப்புடன் 35 நாட்கள் வரை. இவ்விரு நாட்டு விதிகளும் நாளையும் முகவரியையும் பற்றிப் பேசுகின்றன; கடலில் குளித்தாரா, கோயிலுக்குப் போனாரா என்பதைப் பற்றிப் பேசவில்லை.

நம் நாட்டு வழக்கமும் இதற்கு மாறானதன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அக்காலத்துக்கு மீனவர் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் கொடுக்கிறது. அந்நாட்களில் மீனவர் வலை பழுது பார்க்கிறார்; படகுக்கு வர்ணம் அடிக்கிறார்; வேளாங்கண்ணிக்கோ மாமியார் வீட்டுக்கோ சென்று வருகிறார். "ஏன் போனாய்?" என்று எவரும் கேட்பதில்லை. தடை நீங்கும் நாள் எல்லோருக்கும் தெரியும். அன்று அவர் துறைமுகத்தில் இருப்பார்.

உழவரின் ஆண்டைத்தான் பாருங்களேன். அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கும் பங்குனியிலும் சித்திரையிலும் தேரும் திருவிழாவும் வருகின்றன. விருந்தினர் வருவதும் பெண் பார்க்கப் போவதும் அப்போதுதான். நம் முன்னோர் வேலையில்லாத காலத்தையே விடுமுறையாக வைத்துக்கொண்டார்கள். வேலையின் நடுவே வெட்டி எடுப்பதே விடுமுறை என்பது மில் சங்கும் மாதச் சம்பளமும் வந்தபின் பிறந்த எண்ணம். என் பெரியப்பாவும் பஞ்சாலையில் முப்பதாண்டு இருந்தவர் என்பதை இங்கே சொல்லவேண்டும்.

மழைக்கால உதவி நிதி வழக்குக்கு வருகிறேன். அந்நிதி அங்கத்தினர்கள் தம் கூலியிலிருந்து தாமே சேர்த்தது. யாருடைய தருமமும் அன்று. தறிக்குழியில் நீர் நின்றவரை, பழனியில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் அந்த அங்கத்தினர் நெய்திருக்க முடியாது. ஆகவே அந்நாட்களுக்கு உரிய தொகையை நிறுத்தக்கூடாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஏட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. மழை விட்டுச் சங்கம் பாவு வழங்கிய நாளில் அவர் ஊரில் இல்லை; இரண்டு நாட்கள் கழித்தே வந்திருக்கிறார். அவருடைய பாவு அதுவரை அலமாரியில் இருந்தது. அந்த இரண்டு நாட்களுக்கு உதவி கேட்பது நியாயமாகாது. இதை நான் சொன்னபோது, அதுவரை எனக்கு ஆதரவாகத் தலையசைத்துக்கொண்டிருந்த அவர் தலையசைப்பதை நிறுத்தினார். ஆயினும் மறுக்கவில்லை.

முடிவு செய்யவேண்டியது பொதுப்பேரவை. வரும் கூட்டத்தில் வைப்பதற்காக ஒரு துணைவிதியின் வரைவு தயாராகிறது. தறி நின்ற காலத்தில் வெளியூர் செல்கிற அங்கத்தினர் தாம் தங்கும் இடத்தையும் அழைக்கவேண்டிய எண்ணையும் சங்கத்தில் எழுதிவைத்துச் செல்ல வேண்டும். பாவு வழங்கும் நாள் அறிவிக்கப்பட்ட மூன்று நாட்களுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அதன் சாரம். செயலாளர் அதற்காக ஒரு புதிய பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பெயர், அங்கத்தினர் எண், செல்லும் ஊர், தொலைபேசி எண் என்று எழுதிவிட்டு, "எதற்காகப் போகிறார் என்று ஒரு கலம் போடட்டுமா, சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, அவ்விடத்தில் "திரும்பிய தேதி" என்று எழுதினார்.